உடனே எட்டும்படி

"உடனே எட்டும்படி" என்கிறது விதி.
யாருக்கு எட்டும்படி, எந்த மாதத்தில்,
கையுறையோடா வெறுங்கையாலா,
அதெல்லாம் இல்லை.
ஏணி வைக்கும்படி இருக்கக் கூடாது,
ஏறித் தாண்டும்படி இருக்கக் கூடாது,
எதையாவது நகர்த்திவிட்டுத்தான் போகணும் என்றிருக்கக் கூடாது.
மிச்சத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜூன். மெய்ன் மாநிலத்தின் வட விளிம்பு.
ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு, வேறு விதிநூல்.
இக்கரையில் ஒடில் மிஷோவின் உருளைக்கிழங்குக் கிடங்கு,
கூரைமேல் நாற்பது பேனல்,
தெற்குச் சுவரில் சாம்பல் பெட்டி, சிவப்புக் கைப்பிடி.
லூசியன் சீர் செய்த வேலை.
வயர் வளைகிற அழகிலேயே தெரியும்,
காலருக்கும் இஸ்திரி போடுகிற ஆள்.

டேப்பை இழுத்தோம்.
இன்வெர்ட்டரிலிருந்து நாற்பத்தெட்டு அடி.
ஐம்பதுக்குள் இருந்து, பார்வையிலும் பட்டால்
கண்ணுக்கு எட்டும் தூரம்.
நடுவில் ஒரு லைலாக் புதர்.
"இலை உதிர்ந்தால் தெரியும்" என்றான்.
"இப்போது தெரியவில்லையே."
வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்து
அந்த இடத்திலேயே தெரியவைத்தான்.
ஒடில் ஒரு வார்த்தை பேசவில்லை.
வெட்டிய பூக்களைப் பெயின்ட் வாளியில் நிறுத்தி
உள்ளே கொண்டுபோனாள்.

கண் முடிந்தது. இனிக் கை.
"ஜனவரியில் இந்தப் பக்கம் எவ்வளவு பனி நிற்கும்?"
பேனல் கண்ணாடி. வழுக்கினால்
மொத்தமாக இங்கேதான் கொட்டும்.
லூசியன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான்.
"இடுப்பளவு."
"கழுத்தளவு" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.
"பனி என்ற சொல்லை அந்த விதியில் காட்டுங்கள்" என்றான்.
"இன்றைக்கு வழி திறந்திருக்கிறது.
வானத்துக்கு நானா ஜாமீன்?"

நியாயமான கேள்வி. ராத்திரி புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.
நகர்த்த வேண்டியது என்றால் பீப்பாய், டயர், கலப்பை.
பனி பொருளா, பருவமா?
பருவம்தான் என்றால்
வெயிலை மட்டும் ஏன் பொருளாக்கி
மீட்டரில் எண்ணுகிறோம்?

பெட்டிமேல் ஒட்டச் சொல்கிற எச்சரிக்கையில் வந்து நின்றேன்.
திறந்த நிலையிலும் இரு முனைகளிலும் மின்சாரம் இருக்கலாம்.
கைப்பிடியை இறக்கினால் சூரியன் அணையாது.
வீட்டை வானத்திலிருந்து பிரிக்கலாம்,
அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.
அதைச் செய்யத்தான்
அடர்புகையில், தடித்த கையுறையோடு,
இந்த வீட்டை முன்பின் பார்த்திராத ஒருவர் வருவார்.
ஊர்த் தீயணைப்புத் தொண்டர் பட்டியல் மேசையில் கிடந்தது.
ஒன்பதாவது பெயர் லூசியன் சீர்.

கிழக்குச் சுவருக்கு மாற்றவும் என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

பிரெஞ்சில் திட்டிவிட்டுத்தான் போனில் பேசவே தொடங்கினான்.
"கிழக்குச் சுவர் ஐம்பத்தாறு அடி. அளந்துவிட்டேன்.
கைக்கு எட்டினால் கண்ணுக்கு எட்டவில்லை உங்களுக்கு!"
"இன்வெர்ட்டர் பக்கத்தில் இன்னொரு ஸ்விட்ச் போடு."
"காசு?"
நான் பதில் சொல்லவில்லை.
போட்டான். இரண்டிலும் லேபிள் நூல் பிடித்தாற்போல் நேராக.

பிப்ரவரியில் வேறொரு வேலையாக அந்த வழி போனேன்.
தெற்குச் சுவரில் கழுத்தளவு பனி.
ஒடில் சொன்னதுதான் சரி.
லைலாக் இருந்த இடமே தெரியவில்லை.
ஜெயித்த மிதப்பில் கிழக்கே திரும்பினேன்.

சாம்பல் பெட்டியைக் காணோம்.
தரையிலிருந்து கூரை விளிம்புவரை
பிளந்து, காய்ந்து, வரிசை குலையாமல் அடுக்கிய
மேப்பிள் விறகு.

காற்றுப் படாத சுவர். அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

வண்டியை ஓரம் கட்டினேன்.
விறகு பொருள்தான்.
அதில் யாருக்கும் சந்தேகம் வராது.
கையுறையை மாட்டிக்கொண்டு
மேல் வரிசையிலிருந்து தொடங்கினேன்.